நாற்பது தௌவுக்கு எந்தக் கஸ்கற்?

“உங்க ஊர்ல போர் போடுற வேலையெல்லாம் எங்கீங்க இருக்குது? ஜப்பான்ல இருந்து வர்ற இன்ஜினை இறக்கி அப்படியே மாட்டிக்குவீங்க. கேஸ்கட் சைஸ் பார்க்கற வேலையே உங்களுக்கு வராதுங்களே.”

கோயம்புத்தூரில் உறவினர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த லேத் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என்னை இருத்தித் தேநீர் வாங்கித் தந்து, சிலிண்டர் ஹோன் பண்ணுவதைக் கிட்ட நின்று பார்க்கவிட்டவர் அவர். இலங்கையில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். ஆனால் யாழ்ப்பாணத்துக் கராஜ்களைக் கண்டு வளர்ந்தவனுக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் வராது. போர் பண்ணின எஞ்சினுக்குப் பொருந்தும் கஸ்கற்றைக் கண்டுபிடிப்பது எங்கள் ஆட்கள் தட்டுப்பாட்டுக்குள் இருந்து படித்த வித்தை. அங்கே மரியாதைக்கு இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

ஓடித் தேய்ந்த சிலிண்டர் வட்டமாக இருக்காது. மேல் றிங் வந்து திரும்பும் இடத்தில் கூடுதலாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் தேய்ந்திருக்கும். அதைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதுதான் போர் பண்ணுவது. பழைய இங்கிலாந்து எஞ்சின்களுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பிஸ்டன் வரும். நாங்கள் பத்துத் தௌ, நாற்பது தௌ என்போம்; கோயம்புத்தூரில் தவ் என்கிறார்கள். ஜப்பான் எஞ்சின்களுக்கு மில்லிமீற்றரில் கால், அரை, முக்கால், ஒன்று. எங்கள் கராஜ்களில் அதை இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்பார்கள். தமிழ்நாட்டில் வெறுமனே ‘போர் போட்டாச்சு’ என்றால் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியதாகவே பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரங்களுக்குப் பேர்போன திருச்செங்கோடும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆகவே எஞ்சின் பேச்சில் ‘ரீபோர்’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். எங்களிடம் அந்தக் குழப்பம் இல்லை. எங்களுடையது கையால் வெட்டிய சுண்ணாம்புக்கல் கிணறு. போர் என்றால் அநேகமாக எஞ்சின்தான்.

சிலிண்டர் பெருத்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக உட்காரும் கஸ்கற்றின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். சிறிதாக இருந்து விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றால், அந்த மெல்லிய தகடு எரியும் சூட்டில் செக்கச் சிவந்து, பிளக் பொறி போடுமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். எஞ்சின் தட்டும். கொஞ்ச நாளில் விளிம்பு தீய்ந்து, துளையைச் சுற்றி மடித்திருக்கும் பயர் றிங் அறுந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். மேலே வரும் பிஸ்டன் அந்த விளிம்பில் இடிக்கவும் கூடும். துளை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தாலும் நல்லதல்ல. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வட்டமாக ஓர் இடுக்கு விழுந்து, அதற்குள் புகுந்த கலவை சரியாக எரியாமல் கரியாகப் படியும், கொம்பிறஷனும் குறையும்.

சிலிண்டரைவிடத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீற்றராவது கூட இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. சுற்றிவர அரை அரை மில்லிமீற்றர். இறுக்கும்போது பயர் றிங் நசிந்து உட்பக்கமாகக் கொஞ்சம் பிதுங்கும் என்பதால்தான் அந்த இடைவெளி. பெட்டியில் இருக்கும்போது அளந்த அளவு எஞ்சினில் இறுகிய பிறகு இராது.

இரண்டு கரையிலும் ஓடிய ஒரே எஞ்சினை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏ55 காரிலும் இந்தியாவின் அம்பாசிடரிலும் இருந்தது பி.எம்.சி. கம்பனியின் பி வரிசை 1489 சீ.சீ. பெற்றோல் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 88.9. நாற்பது தௌ போர் பண்ணினால் விட்டம் 74.04 ஆகும், 1489 சீ.சீ. எஞ்சின் 1531 சீ.சீ. ஆகும். கஸ்கற் துளை 75க்குக் கீழே போகக் கூடாது. துளை சரியாக இருந்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு மில்லிமீற்றர் பெருத்தால் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் உள்ள பாலம் ஒரு மில்லிமீற்றர் ஒடுங்கும். இரண்டு பயர் றிங்கும் அந்த ஒடுங்கிய இடத்தில்தான் நெருங்கி உட்கார வேண்டும். கஸ்கற் எரிவது அநேகமாக அங்கேதான் தொடங்கும். அமுக்க விகிதமும், அதாவது கொம்பிறஷனும், மாறும். 7.2 ஆக இருந்த எஞ்சினில் ஹெட்டைத் தொடாமல் நாற்பது போட்டால், அது 7.37க்கு ஏறும்.

இந்த ஏற்றம் பெற்றோலுக்கு ஒரு பொருட்டே அல்ல. மண்ணெண்ணெய்க்குப் பெரிது.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் பற்றறியும் வருவது தடைப்பட்டது. மின்சாரம் நின்றது. அந்த வருடங்களில் எங்கள் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின என்பது உலகம் அறிந்த கதை. காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கதை சொல்பவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்று கராஜ்காரரிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. எரியாமல் தங்கிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு, கீழே ஒயில் தங்கும் சம்புக்குள் வடியும். ஒயில் நீர்த்துப்போகும். சுவர் வறண்டு தேயும். பெற்றோலில் ஓடினால் பல வருடம் தாங்கியிருக்கக்கூடிய சிலிண்டர் சீக்கிரமே புகை தள்ளத் தொடங்கும். ஆகவே போர் பண்ண வேண்டி வரும். போர் பண்ணினால் அமுக்க விகிதம் ஏறும். மண்ணெண்ணெய் தட்டாமல் எரியும் குணம் குறைந்த எண்ணெய். விகிதம் ஏற ஏற எஞ்சின் தட்டும். தட்டத் தட்ட முதலில் பறிபோவது ஹெட் கஸ்கற். புதியது தடைக்கு அப்பால் இருந்தது. வருவது யாருடைய கையிலும் இல்லை.

இந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் எங்கள் மெக்கானிக்மார் கஸ்கற் அளவைப் பற்றி யோசித்தார்கள். வேலை தெரியாதவன் அங்கே ஒரு கிழமை தாக்குப்பிடித்திருக்க மாட்டான்.

சுன்னாகத்தில் என்னுடைய மாமா கராஜ் வைத்திருந்தார். கழற்றின எந்தக் கஸ்கற்றையும் அவர் எறிந்ததில்லை. சுவரில் ஆணி அடித்து, எஞ்சின் பெயரும் துளை விட்டமும் வெண்கட்டியால் எழுதித் தொங்கவிட்டிருப்பார். செப்புத் தகட்டுக்குள் கல்நார் வைத்த பழைய இங்கிலாந்துக் கஸ்கற்றுகளும் அங்கே இருந்தன. செம்பை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகிப்போன தகடு மறுபடி இளகும். அதை மட்டம் பார்த்து, அலுமினியப் பெயின்ற் பூசி இரண்டாம் முறையும் போடலாம். (கல்நார்த் தூசி நுரையீரலுக்கு எமன் என்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்று அந்த வகையைக் கையில் எடுப்பவர்கள் நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்; அரத்தால் ராவவே கூடாது.) நாற்பது தௌ எஞ்சினுக்குத் துளை போதாத கஸ்கற் கிடைத்தால், கத்தரிக்கோலால் வெட்டிப் பெருப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். வெட்டினால் துளையைச் சுற்றி மடித்திருக்கும் பயர் றிங் போய்விடும். நடுவில் உள்ள கல்நார் நெருப்புக்கு நேரே நிற்கும். ஒரு மாதம் ஓடாது.

அவர் செய்தது வேறு. காற்றால் ஆறும் சின்னத் தண்ணீர்ப் பம்பு எஞ்சின்களுக்குத் தனிச் செப்புத் தகட்டிலேயே முழுக் கஸ்கற்றையும் வெட்டிவிடுவார். அவற்றுக்குத் தண்ணீர்த் துளை கிடையாது. செம்பு ஒரே தகடு என்பதால் பயர் றிங்கும் தேவையில்லை. துளையை எந்த அளவுக்கும் வெட்டலாம். எங்கள் வெங்காயத் தோட்டங்களும் புகையிலைத் தோட்டங்களும் அந்தப் பம்புகளால்தான் பச்சையாக இருந்தன. கார் எஞ்சினுக்கு அந்த வழி சரிவராது. தனிச் செம்பு நெருப்பைத் தாங்கும். ஆனால் தண்ணீரையும் ஒயிலையும் நம்பி அதன் பொறுப்பில் விட முடியாது, கசியும். அங்கே அவர் துளை பெரிதான இன்னொரு கஸ்கற்றைத் தேடுவார். ஆணியில் தொங்குகிறவற்றை ஒவ்வொன்றாக எடுத்து பிளாக்கின்மேல் வைத்து, துளை விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் சிலிண்டருக்குள் வழுக்கி விழ வேண்டும். தகட்டில் தடக்கக் கூடாது. பிறகு வேணியரை வைத்து அளப்பார். “தம்பி, பெட்டியில கிடக்கிற இலக்கத்தை நம்பாதை. கண்ணையும் நம்பாதை. நாலு சிலிண்டரையும் நாலு துளையையும் தனித்தனிய அளந்து எழுது” என்பார். போர் பண்ணினவர் ஒரு சிலிண்டரை ஒரு மயிரளவு நகர்த்திக் கடைந்திருந்தால், விட்டம் சரியாக இருந்தும் ஒரு பக்கத்தில் தகடு உள்ளே நீட்டும். அளவு மட்டும் கேட்டுக் கஸ்கற் வாங்கியவருக்கு அது தெரிய வராது.

மண்ணெண்ணெய்க்காக அமுக்கத்தை இறக்குவதற்கு அவர் சில எஞ்சின்களில் இரண்டு கஸ்கற் அடுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு இப்படி: மேலே சொன்ன பி வரிசை எஞ்சினில் துளை 75.5 மில்லிமீற்றரும் இறுகிய கனம் 0.8 மில்லிமீற்றரும் உள்ள இன்னொரு கஸ்கற்றை வைத்தால், ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஏறக்குறைய மூன்றரை சீ.சீ. இடம் கூடும். 7.37க்கு ஏறிய விகிதம் 7.02க்கு இறங்கும். போர் பண்ணியதால் ஏறியது போக, பழைய 7.2க்கும் கீழே வந்துவிடுகிறது. இப்படிச் செய்தால் ஹெட் உயரும், றொக்கர் இடைவெளியைத் திரும்பவும் வைக்க வேண்டும், ஓடிச் சூடேறியபின் மறுபடி இறுக்க வேண்டும். தள்ளுகம்பி எஞ்சின் என்பதால் அத்தோடு காரியம் முடிந்தது. ஹெட்டுக்குமேல் கேம் இருக்கும் ஜப்பான் எஞ்சினில் இந்த வேலையை அவர் செய்ய விடமாட்டார். ஹெட் உயர்ந்தால் செயினோ பெல்ற்றோ இழுபட்டு வால்வு திறக்கும் நேரம் பிந்தும். எதில் செய்யலாம், எதில் செய்யக் கூடாது என்று காரணத்தோடு அறிந்து செய்த வேலையைக் ‘கைவைத்தியம்’ என்று சொல்வது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் மண்ணெண்ணெயும் போரும் கஸ்கற்றுமாகச் சுழன்ற இந்த வட்டம் இருக்கவில்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பிறந்த மண். மோட்டாரும் பம்பும் தறி இயந்திரமும் உள்ளூரிலேயே வார்க்கிற, கடைகிற ஊர். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே வந்துவிட்டது. கஸ்கற் செய்யும் டால்பிராஸ் போன்ற பெரிய கம்பனிகள் இந்தியாவுக்குள்ளேயே இருக்கின்றன. பல பத்தாண்டுகளாக அந்த நாட்டுச் சாலைகளில் ஓடிய கார் வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: 1950களின் கடைசியில் இருந்து 2014 வரை வந்த அம்பாசிடர், 1089 சீ.சீ. பத்மினி, ஸ்டாண்டர்ட். ஒரு மாடல் அவ்வளவு காலம் ஓடினால் அதற்கு எல்லா ஓவர்சைஸ் பிஸ்டனும் எல்லாக் கஸ்கற்றும் சென்னை ஜி.பி. ரோட்டில் அடுக்கிக் கிடக்கும்; அங்கே இல்லாதது புதுப்பேட்டையில் கிடைக்கும். நாங்களோ இறக்குமதியை நம்பிய நாடு. இங்கிலாந்து, ஜப்பான், ஜேர்மனி, இந்தியா என்று எல்லோருடைய எஞ்சினும் வந்து சேர்ந்தது. எதற்கும் முழுத் தொகுதியாகச் சாமான் இருக்கவில்லை. 1970க்கும் 1977க்கும் நடுவில் இறக்குமதி இறுகியிருந்தபோதே எங்கள் கராஜ்கள் இந்தப் பாடத்தின் முதல் வகுப்பைப் படித்துவிட்டன. யுத்தம் அதன் மேல்வகுப்பு.

ஆகவே கோயம்புத்தூரில் கஸ்கற் தெரிவு வேறு மாதிரி நடக்கிறது. நான் நின்று பார்த்த கடையில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் கேட்டார்கள், பெட்டியை எடுத்து வைத்தார்கள். போர் எத்தனை என்று கேட்கவில்லை. பெரும்பாலான நேரங்களில் கேட்க வேண்டியதும் இல்லைதான். கம்பனிகள் தாங்கள் விற்கும் கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன் வரைக்கும் பொருந்தும்படி கஸ்கற் துளையில் கொஞ்சம் இடம் விட்டே செய்வார்கள். கடைசி சைஸும் தாண்டிவிட்டால் அங்கே வழி எளிது: ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்ட் அளவுக்கே திரும்பிவிடுகிறார்கள். பழைய பிஸ்டன் அளவு, பழைய கஸ்கற். சிக்கல் வருமுன்பே அறுத்துவிடும் இந்த முறை நல்ல முறைதான். எங்களிடமும் ஸ்லீவ், எங்கள் பேச்சில் லைனர், அடிப்பது உண்டு. ஆனால் லைனர் வார்ப்பு கொழும்பில் இருந்து வந்தாக வேண்டும் என்பதால் நாங்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம்.

அவர்களுடைய ஹோன் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. சிலிண்டர் சுவரில் ஹோன் விழுத்தும் குறுக்குக் கோடுகள் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் விழுந்திருந்தன. பழைய கஸ்கற்றை மாதிரிக்குக் கொடுத்தால் வேண்டிய துளைக்கு டை வைத்து வெட்டி, பயர் றிங்கை இயந்திரத்திலேயே மடித்துத் தருகிறவர்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்றார்கள். அந்த மடிப்பைக் கையால் செய்ய எங்களால் ஒருநாளும் முடிந்ததில்லை. அப்படி ஓர் இடம் 1993இல் சுன்னாகத்தில் இருந்திருந்தால் எத்தனை எஞ்சின்கள் தப்பியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அவ்வளவும் செய்யக்கூடிய ஊரில், நான் பார்த்த பெட்டிகளில் துளை விட்டம் எழுதியிருக்கவில்லை. இறுகிய கனமும் இல்லை. கேட்டதற்கு, “மாடல் சொல்லிட்டீங்கல்ல, கரெக்டா உட்காரும்ங்க” என்றார்கள். உட்காரும்தான். இருந்தாலும் வேணியரை எடுத்து ஒரு தரம் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே அளந்து பார்க்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100ஐப் பெரிதாக்கும் இளைஞர்கள் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஈயக் கம்பி வைத்து அளப்பதாக உறவினரின் மகன் சொன்னான். ஐம்பதுக்கு ஐம்பது மில்லிமீற்றர், 98 சீ.சீ. உள்ள அந்த எஞ்சினில் பெரிய பிஸ்டன் போட்டால் கஸ்கற்றின் துளையும் கனமும் இரண்டுமே மாற வேண்டும் என்பதால் அவர்களுக்கு அளக்காமல் வழியில்லை. அந்தப் பிள்ளைகளைப் பாராட்டுகிறேன். வேகத்துக்காக அவர்கள் படித்ததை எங்கள் ஆட்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படித்தார்கள்.

ஈயக் கம்பி என்றதும் டீசல் எஞ்சின் நினைவுக்கு வருகிறது. அங்கேதான் கஸ்கற்றின் கனம் துளையைவிட முக்கியம். வன்னி வயல்களில் உழுத மசி பெர்குசன் 35, 135 ரக்ரர்களில் இருந்தது பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின்: விட்டம் 91.4, ஓட்டம் 127 மில்லிமீற்றர், இரண்டரை லீற்றர். பேர்க்கின்ஸ் எஞ்சின்களைத்தான் சென்னை சிம்சன் கம்பனியும் இந்திய ரக்ரர்களுக்குச் செய்தது. இரண்டு கரைக்கும் சொந்தமான எஞ்சின் என்று அதைச் சொல்லலாம். இதில் லைனர் இருப்பதால் விட்டம் அதிகம் மாறுவதில்லை. ஆனால் சூடேறிக் கோணிய பிளாக் முகத்தையும் ஹெட் முகத்தையும் சீவி மட்டமாக்குவார்கள். கோயம்புத்தூரில் அதற்குப் பெயர் ஃபேசிங். பிளாக் முகத்தைச் சீவிய அளவுக்குப் பிஸ்டன் மேலே வந்துவிடும். மெல்லிய கஸ்கற் போட்டால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். தடித்தது போட்டால் அமுக்கம் இறங்கிக் காலைக் குளிரில் எஞ்சின் எழும்பாது. ஆகவே பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, கஸ்கற்றோடு ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், நசிந்த கம்பியின் கனம்தான் மிஞ்சிய இடைவெளி. மைக்குறோமீற்றரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கஸ்கற் எது என்று தீர்மானிப்பார்கள்.

பின்னாளில் வந்த ஜப்பான், ஐரோப்பிய டீசல் எஞ்சின்களில் இதையே டயல் கேஜ் வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு தலைநீட்டுகிறது என்று அளந்து, கஸ்கற் ஓரத்தில் உள்ள வெட்டுக் குறியையோ சின்னத் துளைகளையோ எண்ணி எடுக்க வேண்டும். வொல்க்ஸ்வாகனின் 1.9 டீசலுக்கு ஒரு துளை 1.45, இரண்டு துளை 1.53, மூன்று துளை 1.61 மில்லிமீற்றர். ஹையேஸ் வான் திருத்தும் எங்கள் இளம் பெடியன்கள் இந்தக் குறியைப் பார்க்காமல் கஸ்கற் வாங்குவதில்லை. பழையதில் என்ன குறியோ அதே குறி என்று எடுப்பதும் பிழை. முகம் சீவின பிறகு பழைய குறி செல்லாது. அடுக்கு உருக்குத் தகட்டுக் கஸ்கற் என்றால் முகம் கண்ணாடிபோல் இருந்தாக வேண்டும். பழைய செப்புக் கஸ்கற் பொறுத்துக்கொண்ட கீறலை இது பொறுக்காது.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. நடுவில் 2022இன் எரிபொருள் வரிசைகள். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனத்தைத்தான் ஓட்டினோம். ஐம்பது போட்ட எஞ்சின் எழுபத்தைந்துக்கும், எழுபத்தைந்து நூறுக்கும் போனது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய கஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபடி நின்ற ஆட்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். மாமாவின் ஆணிச் சுவர் நாடு முழுவதுக்கும் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. ஜப்பான் எஞ்சினை இறக்கி மாட்டுகிற நாடு என்று எங்களை நினைப்பவர்கள், இறக்கவே முடியாத அந்த வருடங்களில் எங்கள் வீதிகளில் எது ஓடியது என்று ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் முச்சக்கரவண்டி பெரும்பாலும் பஜாஜ். 1982இல் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட் கொண்டுவந்த பஸ்களும் லொறிகளும் இங்கே ஓடுகின்றன. டாட்டாவும் அப்படியே. அவற்றின் கஸ்கற் இந்தியாவில் இருந்துதான் வருகிறது. விலையும் எங்கள் கைக்கு எட்டுகிறது. எங்கள் மெக்கானிக் அந்தப் பெட்டியைத் திறந்து, துளையை அளந்து, இந்தப் போருக்குச் சரி, இந்தப் போருக்குச் சரியில்லை என்று பெட்டியின் மூடியிலேயே பேனையால் எழுதி வைக்கிறார். அடுத்த தடவை வாங்க வருகிறவருக்கு அது உதவுகிறது. துளை விட்டம் என்ன, இறுகிய கனம் என்ன, எந்த ஓவர்சைஸ் வரைக்கும் போடலாம் என்ற மூன்றையும் செய்கிற இடத்திலேயே பெட்டியில் அச்சடித்து அனுப்பலாம். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கஸ்கற் வியாபாரத்தில் இருக்கும் யாராவது இதை வாசித்தால், இலங்கைக்கு அனுப்பும் பெட்டிகளிலாவது அதைச் செய்யத் தொடங்கட்டும்.